இறக்கி வைக்கும் வரை

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் காக்கா என்று பெயர். நிறத்துக்காக இல்லை. காலையில் உச்சியில் போய் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் தரைக்கு வருவார் என்பதற்காக. அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் மஞ்சள் நிறத்தில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு கிரேன் நிற்குமே, அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். இவர் அதற்குள் இருப்பவர். இரண்டு பக்கமும் இரண்டு குச்சிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு, இரும்புக் கம்பிக் கட்டையும் கான்கிரீட் வாளியையும் வானத்தில் நடத்திக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடத்தில் பூப்போல வைப்பார். மதியச் சாப்பாடும் மேலேதான். கல்யாணமான புதிதில் யாராவது இவர் வேலையைப் பற்றிக் கேட்டால், "தலைக்கு மேல வேலை" என்று சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொள்வேன்.

கிரேனில் ஒரு வசதி உண்டு. குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். குச்சி தானாக நடுவுக்கு வரும், பிரேக் பிடிக்கும், தூக்கிய சுமை தூக்கிய உயரத்திலேயே தொங்கும். அதனால் இவர்களுக்கு முதல் பாடமே, சந்தேகம் வந்தால் இரண்டு கையையும் எடு என்பதுதான். அந்தப் பாடத்தை இவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்பேன். பாதியில் இவர் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுவரோடுதான் சண்டை போட வேண்டும். எத்தனையோ சண்டைகளை நான் இப்படித் தனியாகவே போட்டு, தனியாகவே தோற்றிருக்கிறேன்.

மேலிருந்து எல்லா இடமும் தெரியாது. கட்டடத்தின் மறுபக்கத்தில் சுமையை இறக்கும்போது, கீழே நிற்கிற ஒருவர் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல இவர் கையை அசைப்பார். இவருக்குச் சொல்பவர் ஒரு பெருத்த குரல்காரர். மைக்செட் என்று கூப்பிடுவார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இறங்கிடுச்சு" என்று மைக்செட் சொன்னால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். "ஒரு நாளாவது எட்டிப் பார்க்கணும்னு தோணலையா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "பார்க்க முடியாதுன்னுதான அவரை நிறுத்தியிருக்கு? அவர் சொன்னா சொன்னதுதான்" என்றார். என்னிடம் அப்படி ஒரு நம்பிக்கையை இவர் காட்டியதில்லை என்று எனக்கு ஒரு பொறாமை இருந்தது உண்மை.

போன வருடம் ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர், கையில் பிளேடோடு அப்படியே நின்றார். "கண்ணாடியில பாதி மூஞ்சிய காணோம்" என்றார். நான் விளையாட்டு என்று நினைத்து, "இருக்கிற பாதியே போதும்" என்றேன். வலது கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள், போன பார்வை வரவில்லை. இடது கண்ணும் முன்போல இல்லை, கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, எது கிட்டே எது தள்ளி என்பது குழம்பும் என்பதையும் சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வாசலுக்கு வந்ததும், "அவருக்கு என்ன தெரியும், அவர் என்னிக்காவது கிரேன்ல ஏறியிருக்காரா?" என்றார்.

கம்பெனியில் இவரை வாசல் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களுக்குத் தலைக்கவசம் எடுத்துக் கொடுத்து, போகும்போது வாங்கி வைக்கிற வேலை. முதல் நாள் வந்து, "தரையில இருக்கிறவங்க எல்லாம் ஏன் இவ்வளவு சத்தமா பேசறாங்க?" என்று கேட்டார். அதைத் தவிர அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவார். கோப்பையை மேசை விளிம்புக்குச் சற்று முன்பே விட்டுவிடுவார். படியில் கடைசிப் படி முடிந்த பிறகும் இன்னொரு படிக்குக் காலை வைப்பார். மேசை விளிம்பு தெரியட்டும் என்று ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன். மறுநாள் காலையில் டேப் உருண்டையாகக் குப்பைத்தொட்டியில் கிடந்தது. உடைந்த கோப்பைக்குப் பதிலாகப் புதிதாக வாங்கும்போது எவர்சில்வரில் வாங்கினேன்.

இந்த நிலையில்தான் கம்பெனியில் ஆள் தட்டுப்பாடு வந்தது. கூண்டில் உட்கார ஆளில்லை. இன்ஜினியர் இவரைக் கூப்பிட்டு, கம்பெனி டாக்டரிடம் மறுபடி ஒரு கண் சோதனை, தேறினால் மேலே போகலாம் என்று சொல்லிவிட்டார். அன்று இவர் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த டாக்டரின் அறையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை இவர் எத்தனையோ வருடமாகப் பார்த்தவர். மேலே பெரிய எழுத்திலிருந்து கீழே எறும்பளவு எழுத்து வரை தலைகீழாக ஒப்பிப்பார். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கடைசி வரியை முணுமுணுத்ததை என் காதால் கேட்டேன். ஆள் வேண்டும் என்று நினைக்கிற கம்பெனி, பலகையைத் தாண்டி எதையும் கேட்கப் போவதில்லை. இவர் ஏறிவிடுவார். கீழே மைக்செட் நிற்பார், கம்பி கட்டுகிறவர்கள் நிற்பார்கள். கோப்பையை மேசைக்கு முன்னால் விடுகிறவர் கான்கிரீட் வாளியை எங்கே விடுவார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் கம்பெனியில் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். ஆனால் அந்த மனுஷன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அதை ஊதி அணைக்க என்னால் முடியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு திரிந்தேன்.

அந்த வாரம்தான் என் தம்பி ஒரு நீளமான அட்டைப்பெட்டியை அனுப்பினான். ரிமோட்டில் ஓட்டுகிற குட்டி விமானம், பாகம் பாகமாக. போனில் சிரித்தான். "மச்சான் கையில ரெண்டு குச்சி கொடுத்துட்டா போதும்க்கா. உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டார்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பொழுதுபோகட்டும் என்று அனுப்பினான்.

இவர் ரிமோட்டைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது குச்சியைப் பின்னால் இழுத்தால் மேலே ஏறும், முன்னால் தள்ளினால் கீழே இறங்கும். கிரேனில் இருப்பது போலவே. இடது குச்சியைத் தள்ளினால் முன்னே போகும். அதுவும் ஏறக்குறைய அதே கணக்கு. இவர் என் பக்கம் திரும்பி, ஏதோ கோர்ட்டில் சொல்வது போலச் சொன்னார்.

"இதை ஏத்தி, பத்திரமா இறக்கிட்டேன்னா, டெஸ்டுக்குப் போறேன். முடியலன்னா, அந்தத் தொப்பிக் கொட்டகையிலயே உட்கார்ந்துக்கறேன். நீயே சாட்சி."

அதாவது, அது இறங்கினால் இவர் ஏறுவார். அது உடைந்தால் இவர் உடைவார். எது நடக்க வேண்டும் என்று நான் நினைப்பது? சாட்சிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா இவருக்கு?

சாப்பாட்டு மேசை பறிபோனது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மேசையில் இறக்கையின் எலும்புக்கூடு கிடந்தது. தக்கை போல லேசான பால்சா மரத்தில், காகிதத் தடிமனில் வரிசையாக விலா எலும்புகள். இரண்டு பாதியையும் பசை போட்டு நடுவில் சேர்த்து, காயும் வரை மேலே என் புத்தகங்களையும் அரிசி டப்பாவையும் வைத்தார். வால் பகுதியை ஒட்டும்போது விமானத்தின் மூக்கில் குண்டூசி குத்தி, அதிலிருந்து நூலை இழுத்து வாலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே நீளம் வரும் வரை விடவில்லை. நுணுக்கமான இடங்களில் முகத்தை மரத்தோடு ஒட்டிவைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்துச் சேர்த்தார். பசைக்குழாயின் மூக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் இடத்துக்குச் சற்றுத் தள்ளியே இறங்கியது. மேசை முழுக்கப் பசைச் சொட்டுகள். அவர் தூங்கப் போன பிறகு சுரண்டி எடுத்தேன்.

எலும்புக்கூட்டுக்கு மேலே மூட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டி, சுருங்கி, மேளத்தோல் போல விறைக்கும். இங்கேதான் எனக்கு மவுசு வந்தது. நான் சலவைக் கடையில் இஸ்திரி மேசையில் நிற்பவள். பட்டு, கம்பளி, மடிப்பு வைத்த பாவாடை எல்லாம் என் கைக்கு அடங்கியவை. இந்தத் தாள் எம்மாத்திரம். விளிம்பை முதலில் ஒட்டி, நடுவை மெதுவாகச் சூடு காட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கொடுத்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை முழுவதும் நாங்கள் சண்டை போடவில்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

சண்டை தாளின் நிறத்தில் வந்தது. பெட்டியோடு வந்த படத்தில், அடிப்பக்கம் கறுப்புப் பட்டை போடச் சொல்லியிருந்தது. தூரத்தில் போனால் மேல் எது கீழ் எது, முகம் எது முதுகு எது என்று தெரிவதற்காக.

"போடலாமே, பட்டையும் இருக்கு, இஸ்திரியும் சூடா இருக்கு" என்றேன்.

"வேணாம். முழுசும் மஞ்சள்."

"படத்துல போட்டிருக்குங்க."

"அது கண்ணு தெரியாதவனுக்குப் போட்டது."

கறுப்புத் தாள் சுருளைப் பெட்டிக்குள் போட்டேன். கிரேன் மஞ்சளில், மேலும் கீழும் ஒன்றுபோல, எங்கள் விமானம் தயாரானது.

அடுத்து உள்ளுறுப்புகள். சர்வோ என்று தீப்பெட்டி அளவில் சின்ன மோட்டார்கள், இறக்கை மடலையும் வாலையும் கம்பி மூலம் அசைப்பவை. சுழலும் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, ரிமோட்டையும் விமானத்தையும் ஒன்றோடொன்று அறிமுகம் செய்து வைத்தார். விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சியை வலது பக்கம் தள்ளினால், வலது மடல் மேலே எழ வேண்டும். முதலில் எல்லாம் நேர்மாறாக அசைந்தது. திரும்பவும் போட்டார். கடைசியில், "பாரு, சொன்ன பேச்சு கேட்குது" என்றார். இந்த வீட்டில் அதாவது கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எடைச் சமநிலையில் இவரை யாரும் அசைக்க முடியாது. இறக்கையின் அடியில் குறித்த இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பிடித்தார். வால் தாழ்ந்தது. பேட்டரியை மூக்குப் பக்கம் நகர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். மூக்கு ஒரு நூலளவு தாழ்ந்து நின்றதும், "இதான்" என்றார். அந்த நேரத்தில் இவருடைய முகம் பழைய முகம். கண் எதற்கு இந்த மனுஷனுக்கு என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

கோளாறு ரிமோட்டில் வந்தது. இடது குச்சி, அதாவது வேகக் குச்சி, தள்ளிய இடத்திலேயே நின்றது. கையை எடுத்தாலும் நடுவுக்கு வரவில்லை. இவருக்கு அது பொறுக்கவில்லை. கடைக்காரரைப் போனில் பிடித்தார். நான் பக்கத்தில் இருந்ததால் கடைக்காரர் பேசியதும் கேட்டது.

"அது அப்படித்தான் சார் இருக்கணும். அதுக்கு ஸ்பிரிங் போடக்கூடாது."

"கையை எடுத்தா நடுவுக்கு வராத குச்சி என்ன குச்சி?"

"சார், இது பிளேன் சார். கையை எடுக்கவே கூடாது."

போனை வைத்துவிட்டு, திருகாணிகளைக் கழற்றி, ஒரு ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டார். மோட்டாரை நிறுத்தி வைக்க, குச்சியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் பாதி வேகம். "எனக்கு இதான் பழக்கம்" என்றார்.

கடைசியாக ரிமோட்டின் சின்னத் திரை ஒரு கேள்வி கேட்டது. சிக்னல் அறுந்துபோனால் விமானம் என்ன செய்ய வேண்டும்? மோட்டாரை நிறுத்திவிடவா? இல்லை, கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே பிடித்துக்கொள்ளவா? நிறுத்தச் சொல்லித்தான் கையேட்டில் இருந்தது. நான் வாசித்தும் காட்டினேன்.

"நிறுத்தினா விழுந்துடும்மா."

"விழுந்தா பக்கத்துலதான விழும்? போய் எடுத்துக்கலாம்."

"தூக்கினதை யாராவது விடுவாங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். "கரன்ட்டே போனாலும் சுமை தொங்கற இடத்துலயே நிக்கணும். அதான் சேஃப்டி." பிடித்துக்கொள் என்பதை அழுத்தினார். கிரேனில் பிடித்துக்கொள் என்றால் நிற்பது. பறக்கிற ஒன்றுக்குப் பிடித்துக்கொள் என்றால் என்ன என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கண் சோதனைக்கு முந்தின நாள் மாலை கிளம்பினோம். ஊருக்கு வெளியே, கார் ஓட்டிப் பழகுகிறவர்கள் விட்டுப்போன ஒரு பழைய தார்த் திடல் உண்டு. ஒரு பக்கம் சாலை தூரத்தில். எதிர்ப்பக்கம் கோரைப்புல் மண்டிய சதுப்பு, கண்ணுக்கெட்டிய வரை ஆள் நடமாட்டம் கிடையாது. சின்ன விமானங்களைக் கையால் வீசிக் கிளப்புவார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். "சுமையை எவனாவது வீசுவானா?" என்று இவர் சக்கரம் மாட்டியிருந்தார். காற்று அடங்கியிருந்தது. ரிமோட்டைப் பட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னை இடது பக்கம் நிற்கச் சொன்னார். நல்ல கண் அந்தப் பக்கம்.

மஞ்சள் விமானம் தாரில் உருண்டது, ஆடியது, சக்கரம் தரையை விட்டது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்ட நாட்கள் எல்லாம் அந்த ஒரு நொடியில் மறந்துபோயின. நான் இஸ்திரி போட்ட இறக்கை, ஒரு சுருக்கம் இல்லாமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு மேலே போனது. இவர் திடலைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் போட்டார். இன்னொன்று போட்டார். நல்ல உயரத்தில் வைத்து, ரிமோட்டில் இருந்த சின்னப் பொத்தான்களைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார்.

"இப்ப பாரு" என்று இரண்டு கையையும் எடுத்தார். விமானம் பாதி வேகத்தில், கோடு போட்டதுபோல நேராகப் போனது. இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை.

"எப்படி?" என்றார்.

"பிரமாதம்ங்க" என்றேன். மனதாரச் சொன்னேன். அது இறங்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் ஆசைப்பட்டேன். வாளி, கம்பி கட்டுகிறவர்கள், மைக்செட் ஒருவரும் நினைவில் இல்லை. இந்த மனுஷன் ஜெயிக்கட்டும் என்று இருந்தது.

மறுபடி குச்சியைப் பிடித்து, சாலைப் பக்கம் நீளமாக விட்டார். இறக்குவதற்குத் தோதாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சூரியன் தாழ்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் விமானம் ஒரு மஞ்சள் கோடு. அது திரும்பியதை நான் பார்த்தேன். இவர் கழுத்தை நீட்டினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"வருதா, போவுதா?"

கண் போன நாளிலிருந்து இவர் என்னிடம் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. தேநீர் வெளியே போனபோதும் கேட்டதில்லை.

"வருதுங்க."

வருகிறது என்றால் குச்சியில் இடமும் வலமும் மாறிவிடும். தள்ளினார். இறக்கை ஒரேயடியாகச் சாய்ந்தது. "அந்தப் பக்கம் இல்லீங்க" என்றேன். இன்னொரு பக்கம் தள்ளினார், ஒரு குலுங்கல், நிமிர்ந்தது. வருகிறதா போகிறதா, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது விரல்களில் தெரிந்தது. அப்போது, இத்தனை வருடம் கூண்டில் இருந்த மனுஷன் என்ன செய்வாரோ அதைச் செய்தார். இரண்டு கைகளையும் எடுத்து மார்புக்கு நேரே தூக்கினார்.

கிரேனாக இருந்தால் எல்லாம் நின்றிருக்கும்.

ஸ்பிரிங் தன் வேலையைச் செய்தது. வேகக் குச்சி நடுவுக்கு வந்தது. அவரே தட்டித் தட்டிச் சரிசெய்த விமானம், பாதி வேகத்தில், நேராக எங்களை நோக்கி வந்தது. தலைக்கு மேலே கடந்தது. மஞ்சள் வயிறு, இரண்டு சக்கரம், நான் ஒட்டிய மூலைகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இவர் சத்தத்தை வைத்து முகத்தைத் திருப்பினார். கைகள் இன்னும் தூக்கியபடியே இருந்தன.

"பிடிங்க, பிடிங்க அதை" என்று கத்தினேன்.

பிடித்தார். அதற்குள் அது சதுப்பு மேல் போயிருந்தது. "என்ன பண்ணுது, சொல்லு, என்ன பண்ணுது?" என்றார். எனக்கே அது ஒரு புள்ளி. என்ன சொல்வது? "போகுது" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எதையோ இழுத்தார், விட்டார். ரிமோட் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. சிக்னல் அறுந்துவிட்டது. திரையில் அந்தச் சொல் வந்தது. பிடித்துக்கொள்.

விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லாவற்றையும் கடைசியாக இருந்தபடியே பிடித்துக்கொண்டு, கோரைப்புல்லுக்கு மேலே அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. துரத்த வழியில்லை, அங்கே காலை வைத்தால் இடுப்பு வரை சேறு. இரண்டு பெரிய மனிதர்கள், ரிமோட்டை வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் பார்க்கவும் இல்லை. நான்தான் பார்த்தேன், கண்ணை இடுக்கி இடுக்கி, அது மறைகிற வரைக்கும். அப்புறம் வானம் மட்டும் இருந்தது.

"நல்லாத்தான் செட் பண்ணியிருக்கோம்" என்றார். "ஒரு பக்கமும் சாயல, பாரு."

நான் கார்ச் சாவியை எடுத்தேன். அவர் நகரவில்லை. ரிமோட்டை அணைக்கவும் இல்லை. இரண்டு குச்சிகளிலும் விரல் வைத்தபடி சதுப்பைப் பார்த்து நின்றார். ரிமோட் கத்திக்கொண்டே இருந்தது.

"வாங்க, போகலாம்."

"எப்படிப் போறது? இன்னும் மேலதான இருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுமை தொங்கும்போது கூண்டை விட்டு இறங்கக்கூடாது. இடி மின்னல் வந்தாலும், பசித்தாலும், இறக்கி வைக்கும் வரை இருக்கையை விட்டு எழக்கூடாது. ஒரு முறை காற்று அடித்த நாளில் ஒரு கான்கிரீட் பலகைக்காக இருட்டும் வரை மேலேயே இருந்துவிட்டு வந்தவர் இவர்.

"பேட்டரி எப்பவோ தீர்ந்திருக்கும்ங்க."

"தீர்ந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் விரல் குச்சியை விட்டு எழவில்லை.

சூரியன் போய்விட்டது. குளிர் ஏறியது. சாலையில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டன. இழுத்துக்கொண்டு போகவா? கெஞ்சவா? அழலாம் என்றுகூட இருந்தது. என்னால் இவருக்குக் கண்ணைக் கொடுக்க முடியாது, கிரேனைக் கொடுக்க முடியாது, அந்த மஞ்சள் பிசாசைக்கூடத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நான் நாலடி முன்னே போய், தார் முடிகிற இடத்தில் நின்று, சதுப்பைப் பார்த்தேன். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

"கொஞ்சம் தாழுது" என்றேன்.

பின்னால் அவர் ஓரடி நெருங்கி வந்தது கேட்டது.

"இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "இறங்கிடுச்சுங்க."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"உடையாமலா?"

"புல்லு மேலதான். உடையல."

அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். பிறகுதான் நினைத்தேன், இந்த வெளிச்சத்தில் என் முகம் அவருக்கு எங்கே தெரியப் போகிறது.

"மைக்செட்ட நான் ஒரு நாளும் பார்த்தியான்னு கேட்டதில்ல" என்றார். "உன்னைக் கேட்டிருக்கக் கூடாது."

கத்தல் நின்றது. ரிமோட்டை அணைத்துவிட்டார்.

கார் நின்ற இடத்துக்குப் போக மேடுபள்ளமான புல் வழி. இவர் என் தோளில் கையை வைத்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவை. பள்ளம் வந்த இடத்தில் "இங்க" என்றேன், காலை இறக்கினார். மேடு வந்தபோதும் சொன்னேன். கார்க் கதவைத் தொட்டதும் நின்றார்.

"நாளைக்கு டாக்டர்ட்ட, அந்தக் கடைசி வரி தெரியலன்னு சொல்லிடறேன்" என்றார். "அதுக்கு மேல ரெண்டு வரியும் தெரியல."

இதைத்தான் நான் இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருந்தேன். கேட்டதும் அந்த வேண்டுதலின் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கினார். நான் சுற்றிப் போய் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பினேன்.